முக்கியக் கனிமச் சுரங்கப் பங்குகள்: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சீன அரசு ஏழு வகை அரிய மண் உலோகங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது முதல், நம் சங்க உறுப்பினர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். மின்சார வண்டிக்கும் காற்றாலைக்கும் ஏவுகணைக்கும் இந்த உலோகம் இல்லாமல் முடியாதாமே, இதைத் தோண்டுகிற கம்பெனியின் பங்கை வாங்கிப் போட்டால் என்ன என்பதே அந்தக் கேள்வி. கைப்பேசியிலேயே அமெரிக்கப் பங்கு வாங்கும் வசதியும் வந்துவிட்டது. தீபாவளிக் கொள்முதலுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை இதில் போட்டுவிட்டு, சரக்குக்கு மில்காரரிடம் தவணை கேட்டு நிற்கும் நிலை நம் கடைவீதியிலேயே ஏற்பட்டிருக்கிறது. ஆகவே இந்த விஷயத்தைச் சற்று விரிவாகவே பார்த்துவிடுவோம்.

நாம் பருப்பு மொத்த வியாபாரத்தில் காலம் கழித்தவர்கள். சுரங்கத் தொழில் படித்தவர்கள் அல்லர். ஆனால் சுரங்கக் கம்பெனியும் கடைசியில் சரக்கு விற்கிற கம்பெனிதான். சரக்கின் தரம் என்ன, கழிவு எவ்வளவு, வாங்குபவர் யார், கடன் கொடுத்தவர் யார், விலையை நிர்ணயிப்பவர் யார் என்ற கேள்விகள் நமக்குப் புதியவை அல்ல. பங்கு என்று பெயர் வந்தவுடன் இந்தக் கேள்விகளை மறந்துவிடுகிறோம் என்பதுதான் வேடிக்கை.

அரிய மண் உலோகங்கள் மொத்தம் 17. ரேர் எர்த் என்று செய்தித்தாள்களில் வருவது இவைதான். இந்திய அரசின் சுரங்க அமைச்சகம் 2023இல் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்கள் பட்டியலிலும் இவை இடம் பெற்றுள்ளன. பெயரில்தான் அரிய என்று இருக்கிறதே தவிர, மண்ணில் பல இடங்களிலும் இவை உண்டு. நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே மோனசைட் என்ற தாது இருக்கிறது. அதை எடுக்கும் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் முழுவதும் மத்திய அரசின் உடைமை. அதன் பங்கு சந்தையில் கிடையாது. அந்தப் பங்கை வாங்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடலாம். இந்த உலோகங்களைத் தோண்டுவதைக் காட்டிலும், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சுத்தம் செய்வதுதான் கடினம். அந்தப் பிரிக்கும் வேலையில் உலக அளவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சீனாவின் கையில் இருக்கிறது. இப்போதைய பரபரப்புக்குக் காரணம் அதுவே.

ஒரே சுரங்கம், இரண்டு கம்பெனிகள்

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு சுரங்கத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் பாலைவனத்தில் மவுண்டன் பாஸ் என்ற இடம் இருக்கிறது. 1949இல் யுரேனியம் தேடிப் போனவர்கள் அங்கே அரிய மண் தாதுவைக் கண்டார்கள். 1960களில் கலர் டெலிவிஷன் வந்தபோது, திரையில் சிவப்பு நிறம் காட்ட யூரோப்பியம் தேவைப்பட்டது. அந்தச் சுரங்கம் கொழித்தது. பல ஆண்டுகள் உலகத்துக்கே பெருமளவு சரக்கு அங்கிருந்துதான் போயிற்று. பிறகு சீனச் சரக்கு மலிவாக வந்தது. கழிவு நீர்க் குழாய் கசிந்த தொல்லையும் சேர்ந்துகொள்ள, 1998இல் பிரிக்கும் வேலையும் 2002இல் தோண்டும் வேலையும் நின்றன.

2008இல் அதை வாங்கிய புதிய கம்பெனிக்கு மோலிகார்ப் என்று பெயர். 2010 ஜூலையில் பங்கு ஒன்று 14 டாலர் வீதம் பொதுமக்களுக்கு விற்றார்கள். அடுத்த இரண்டே மாதத்தில், சென்காகு தீவுகள் அருகே சீன மீன்பிடிப் படகும் ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பலும் மோதிக்கொண்டன. அதைத் தொடர்ந்து ஜப்பானுக்குச் சீனச் சரக்கு போவது நின்றது. விலை எகிறியது. 2011 மே மாதம் மோலிகார்ப் பங்கு 75 டாலரைத் தாண்டியது. 2015 ஜூன் மாதம் அந்தக் கம்பெனி 170 கோடி டாலர் கடனுடன் திவால் மனு கொடுத்தது. அப்போது பங்கின் விலை ஒரு டாலருக்கும் கீழே.

சுரங்கம் எங்கும் போய்விடவில்லை. தாதுவும் அதே தாதுதான். 2017இல் வேறு முதலீட்டாளர்கள் அந்தச் சுரங்கத்தை 2 கோடியே 5 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். அவர்கள் அமைத்த எம்.பி. மெட்டீரியல்ஸ் என்ற கம்பெனி 2020 நவம்பரில் சந்தைக்கு வந்தது. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் காட்டும் பங்கு இதுதான். முதல் கம்பெனியின் பங்குதாரர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டாவது கம்பெனியில் ஆரம்பத்தில் இறங்கியவர்கள் பெரும் பணம் பார்த்தார்கள். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் மற்ற சுரங்கப் பங்குகளையும் எடைபோடலாம்.

பருப்பும் தவிடும்

மவுண்டன் பாஸ் தாதுவில் அரிய மண் சுமார் 8 சதவீதம். செம்புச் சுரங்கம் பலவற்றில் ஒரு சதவீதம்கூடத் தேறாது என்பதோடு ஒப்பிட்டால் இது மிக உயர்ந்த தரம். விளம்பரத்தில் இந்த எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். நாம் பார்க்க வேண்டியது அடுத்த எண். அந்த அரிய மண்ணில் பாதி சீரியம், மூன்றில் ஒரு பங்கு லாந்தனம். காந்தம் செய்ய உதவும் நியோடிமியமும் பிரசியோடிமியமும் சேர்ந்து ஆறில் ஒரு பங்குதான்.

நூறு கிலோ துவரையை மில்லுக்குக் கொடுத்தால் எழுபது கிலோவுக்குக் குறையாமல் பருப்பு வரும். மீதி உமி, குருணை, தூசி. அதை மாட்டுத் தீவனக்காரர் எடுத்துக்கொள்வார். இங்கே கணக்கு தலைகீழ். பதினாறு கிலோ பருப்புக்காக எண்பது கிலோவுக்கு மேல் உமி எடுக்க வேண்டும். சீரியம்தான் அந்த உமி. கண்ணாடி மெருகேற்றுவது போன்ற வேலைகளுக்கு அது பயன்படுகிறது. ஆனால் எடுக்கப்படும் அளவுக்குக் கிராக்கி இல்லை. 2009இல் சீரியம் ஆக்சைடு கிலோ 5 டாலருக்கும் குறைவு. 2011இல் அது 100 டாலரைத் தாண்டியது. உமி பருப்பு விலைக்குப் போன காலம் அது. அந்த விலை நிலைக்கும் என்று எண்ணியவர்கள்தான் மோலிகார்ப் பங்கை 75 டாலருக்கு வாங்கினார்கள்.

நிலைக்கவில்லை. கண்ணாடிக்காரர்கள் ஒருமுறை உபயோகித்த சீரியத் தூளையே சுத்தம் செய்து மீண்டும் உபயோகிக்கக் கற்றுக்கொண்டார்கள். குழல் விளக்கு போய் எல்.இ.டி. விளக்கு வந்ததில் யூரோப்பியத்துக்கும் டெர்பியத்துக்கும் இருந்த தேவை சுருங்கியது. காந்தம் செய்பவர்கள் டிஸ்புரோசியத்தின் அளவைக் குறைக்க வழி கண்டார்கள். அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பிய நாடுகள் 2012இல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 2014இல் தீர்ப்பு சீனாவுக்கு எதிராக வந்தது. 2015 ஜனவரியில் சீனா ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறையை நீக்கியது. அதற்குள் சீரியம் பழைய விலைக்கே வந்துவிட்டிருந்தது.

நமக்கு இது தெரியாத நாடகமா? 2015இல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாய்க்குப் போனது நினைவிருக்கும். அடுத்த ஆண்டே விவசாயிகள் துவரையைக் கூடுதலாக விதைத்தார்கள். மத்திய அரசு மொசாம்பிக் நாட்டுடன் இறக்குமதி ஒப்பந்தம் போட்டது. 2017இல் துவரை குறைந்தபட்ச ஆதரவு விலைக்கும் கீழே விற்றது. உச்ச விலையில் வாங்கிக் கிட்டங்கியில் அடுக்கிய சரக்கு என்ன ஆயிற்று என்று நம் வீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பற்றாக்குறை விலையை ஏற்றும். ஏறிய விலை புதுச் சரக்கையும் மாற்றுப் பொருளையும் வரவழைக்கும். துவரைக்கு அது ஒரு பருவத்தில் நடக்கிறது, சுரங்கத்துக்குச் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சில ஆண்டுகளை நிரந்தரம் என்று நினைத்துவிடக் கூடாது.

கடன் கொடுத்தவர் யார்?

விலை விழுந்தால் எல்லாச் சுரங்கமும் மூழ்க வேண்டும் அல்லவா? மூழ்கவில்லை. ஆஸ்திரேலியாவின் லைனாஸ் கம்பெனியும் இதே தொழில்தான். மேற்கு ஆஸ்திரேலியாவில் மவுண்ட் வெல்டில் தாதுவை எடுத்து, மலேசியாவில் குவாந்தான் அருகே கெபெங் என்ற இடத்தில் பிரிக்கிறார்கள். அவர்கள் பங்கும் சில சென்டுகளுக்கு விழுந்தது. ஆனால் கம்பெனி பிழைத்துக்கொண்டது. இரண்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு கடனில் இருக்கிறது.

மோலிகார்ப் ஆலை கட்டக் கடன் வாங்கியது; அது முடிவதற்கு முன்பே 2012இல் நியோ மெட்டீரியல் என்ற கனடா நாட்டுக் கம்பெனியைச் சுமார் 130 கோடி டாலருக்கு வாங்கியது. கடன் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு வேண்டியது வட்டி. வட்டி நின்றவுடன் கோர்ட்டுக்குப் போகத் தயங்க மாட்டார்கள். லைனாஸ் கம்பெனிக்குக் கடன் கொடுத்தது ஜப்பானிய அரசு நிறுவனமான ஜோக்மெக்கும் சோஜிட்ஸ் என்ற வர்த்தக நிறுவனமும். அவர்களுக்கு வட்டியைவிடச் சரக்கு முக்கியம். 2010இல் சீனா கதவை மூடியபோது பட்ட பாடு அவர்களுக்குத் தெரியும். அதனால் தவணையைத் தள்ளிக் கொடுத்தார்கள், வட்டியைக் குறைத்தார்கள், கம்பெனி தள்ளாடி எழுந்தது.

நம்மிடம் வெகுநாள் சரக்கு வாங்குகிற ஒருவர் நமக்குக் கைமாற்று கொடுப்பதற்கும், வட்டிக்கடையில் கடன் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஐந்தொகையில் கடன் எவ்வளவு என்று பார்ப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. யாரிடம் வாங்கியது, எந்த ஆண்டு திருப்ப வேண்டும், சொத்து அடமானத்தில் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். அடமானக் கடன்காரர் முதல் பந்தியில் உட்காருவார். பங்குதாரருக்குக் கடைசிப் பந்தி. மோலிகார்ப்பில் கடைசிப் பந்திக்கு இலை போடவே இல்லை.

உற்பத்தி கூடியும் வரவு குறைந்த கதை

இனி எம்.பி. மெட்டீரியல்ஸ் கம்பெனியின் கணக்கைப் பார்ப்போம். 2022இல் வரவு 52 கோடி டாலருக்கு மேல், நிகர லாபம் சுமார் 29 கோடி. 2023இல் வரவு 25 கோடி, லாபம் இரண்டரைக் கோடிக்கும் கீழே. 2024இல் வரவு 20 கோடி, நட்டம் ஆறரைக் கோடி. சுரங்கத்தில் வேலை நிறுத்தமோ விபத்தோ இல்லை. மாறாக, 2024இல் அவர்கள் எடுத்த தாதுச் செறிவு 45,000 டன்னைத் தாண்டி, அதுவரை இல்லாத உச்சம். சரக்கு கூடியது, விலை விழுந்ததால் லாபம் நட்டமாயிற்று. ஆகையால் ‘சாதனை உற்பத்தி’ என்ற அறிவிப்பைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

வாங்கியவர் யார் என்பது அடுத்த விஷயம். அந்தச் செறிவு ஏறக்குறைய முழுவதையும் வாங்கியது ஷெங்ஹே என்ற ஒரே சீனக் கம்பெனி, அது எம்.பி. மெட்டீரியல்ஸின் பங்குதாரரும்கூட. சீனாவுக்கு மாற்று என்று சொல்லி விற்கப்பட்ட பங்கின் சரக்கு சீனாவுக்கே போய்க்கொண்டிருந்தது! 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் வரிமேல் வரி போட்டபோது அந்த ஏற்றுமதி நின்றது. ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்துவது எப்படி என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

2025 ஜூலையில்தான் திருப்பம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 40 கோடி டாலருக்கு இந்தக் கம்பெனியின் முன்னுரிமைப் பங்குகளை வாங்கியது. நியோடிமியம், பிரசியோடிமியம் கலவைக்குக் கிலோ ஒன்றுக்கு 110 டாலர் என்று பத்து ஆண்டுகளுக்குத் தரை விலை கட்டிக்கொடுத்தது. புதிதாகக் கட்டும் காந்தத் தொழிற்சாலையின் சரக்கு முழுவதும் விலைபோவதற்கும் உறுதி கொடுத்தது. அப்போதைய சந்தை விலை இந்தத் தரை விலைக்கு வெகு கீழே இருந்தது. நெல்லுக்கு அரசு ஆதரவு விலை கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. 30 டாலரை ஒட்டி இருந்த பங்கு ஒரே நாளில் பாதிக்குப் பாதி ஏறி, அக்டோபர் மத்தியில் 100 டாலரை ஒட்டிப் போயிற்று. அக்டோபர் கடைசியில் அமெரிக்க அதிபரும் சீன அதிபரும் தென்கொரியாவில் சந்தித்துப் பேசினார்கள். சீனா தன் புதிய கட்டுப்பாடுகளை ஓராண்டுக்கு நிறுத்திவைத்தது. நவம்பரில் பங்கு 60 டாலரை ஒட்டி வந்துவிட்டது. சுரங்கத்தில் அந்த ஒரு மாதத்தில் எதுவும் மாறவில்லை. 100 டாலரில் வாங்கியவர்கள் உலோகத்தை வாங்கவில்லை; இரண்டு அரசுகளின் சண்டையை வாங்கினார்கள்.

ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. அதை நம்மவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. பங்கு ஏறிய அடுத்த வாரமே கம்பெனி 55 டாலர் வீதம் 65 கோடி டாலருக்குப் புதுப் பங்குகளை விற்றது. இதில் குற்றம் ஒன்றும் இல்லை. விலை ஏறும்போது விற்பது கெட்டிக்கார வியாபாரம். ஆனால் பழைய பங்குதாரரின் பாகம் அதனால் சுருங்குகிறது. கூட்டு வியாபாரத்தில் நாலு பங்காளி ஆறு பங்காளி ஆனால் பேரேட்டில் நம் பாகம் என்ன ஆகும்? சுரங்கக் கம்பெனிகள் வருமானம் வருவதற்கு முன் பல ஆண்டுகள் இப்படித்தான் பங்கு விற்றுச் செலவு செய்கின்றன. ஆகவே ஐந்து வருடத்துக்கு முன் எத்தனை பங்கு இருந்தது, இப்போது எத்தனை என்று எழுதிப் பார்ப்பது அவசியம்.

ஒரு சிறு கணக்கு போடுவோம். பங்குகள் 17 கோடிக்கு மேல். பங்கு 60 டாலர் என்றால் கம்பெனி முழுவதன் விலை 1,000 கோடி டாலருக்கு மேல். அது கண்ட மிக நல்ல ஆண்டு 2022. அன்றைய லாபம் 29 கோடி. அதே லாபம் ஆண்டுதோறும் தவறாமல் வந்தாலும் போட்ட பணம் திரும்ப 35 ஆண்டுகள். அதைவிட அதிகம் சம்பாதிக்கும் என்று நம்பித்தான் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கையையும் அளந்து பார்க்கலாம். ஆண்டுக்குச் சுமார் 6,000 டன் பிரித்தெடுப்பது கம்பெனியின் குறிக்கோள். கிலோ 110 டாலர் வீதம் அது 66 கோடி டாலர் வரவு. செலவு போகத்தான் லாபம். காந்தத்தின் வரவு தனி. 2024இல் அவர்கள் பிரித்தெடுத்ததோ 1,300 டன்னுக்கும் கீழே. ஆக, இந்தப் பங்கை வாங்குபவர் கவனிக்க வேண்டியது பத்திரிகையில் வரும் போர்ச் செய்தியை அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அறிக்கையில் அந்த 1,300 எவ்வளவு வேகமாக 6,000 நோக்கிப் போகிறது என்பதை. தரை விலை இருப்பதால் மோலிகார்ப் போல் மூழ்கும் ஆபத்து குறைவு என்பது நம் எண்ணம். அதற்காக எந்த விலைக்கும் வாங்கலாம் என்று ஆகிவிடாது.

தோண்டாத சுரங்கங்கள்

இதுவரை சொன்னது உண்மையிலேயே தாது எடுக்கும் கம்பெனிகளைப் பற்றி. நம் உறுப்பினர்களுக்கு வாட்ஸ்அப்பில் வருவதோ பெரும்பாலும் ஒரு குழிகூடத் தோண்டாத கம்பெனிகளின் பெயர். பத்து ரூபாய்க்கும் கீழே கிடைக்கிறது, லித்தியம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வரும். அவற்றின் அறிக்கையில் ‘வளம்’ என்ற சொல்லும் ‘இருப்பு’ என்ற சொல்லும் வேறு வேறு பொருள் உடையவை. மண்ணுக்கடியில் இருப்பதாக மதிப்பிட்டது வளம்; லாபத்துடன் எடுக்க முடியும் என்று ஆய்வு செய்து சொல்வதுதான் இருப்பு. வயலில் நிற்கும் பயிருக்கும் கிட்டங்கியில் தைத்து அடுக்கிய மூட்டைக்கும் உள்ள வேறுபாடு.

வளம் என்று சொன்னதும் பொய்யாகப் போனதுண்டு. கனடாவின் பிரீ-எக்ஸ் கம்பெனி இந்தோனேசியாவில் புசாங் என்ற இடத்தில் தங்க மலையே கிடைத்ததாகச் சொல்லிப் பங்கை வானத்துக்கு ஏற்றியது. 1997இல் வேறு கம்பெனியார் வந்து தோண்டிப் பார்த்தபோது, சோதனைக்கு அனுப்பிய மண்ணில் தங்கத் தூளை யாரோ கலந்திருந்தது வெளிப்பட்டது. அதன் பிறகுதான் கனடாவில் தகுதி பெற்ற நிபுணர் கையெழுத்திட்ட அறிக்கை கட்டாயமாயிற்று. அத்தகைய அறிக்கை இல்லாத பங்கைத் தொடாமல் இருப்பதே மேல். நம் மாநிலத்திலும் 1990களில் தேக்கு மரத் திட்டங்கள் வந்து போன கதை நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது; வளரும் மரத்தையாவது போய்ப் பார்க்க முடிந்தது.

பணம் அனுப்பும் விதி

வெளிநாட்டுப் பங்கு வாங்க ரிசர்வ் வங்கியின் திட்டப்படி தனி நபர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். தனி நபர் என்பதைக் கவனிக்க வேண்டும். கூட்டு வியாபார நிறுவனத்தின் கணக்கிலிருந்து இந்த வழியில் அனுப்ப அனுமதி இல்லை. இத்தகைய முதலீட்டுக்காக வங்கி கடன் கொடுக்கவும் கூடாது. கடையின் ஓ.டி. கணக்கிலிருந்து எடுத்துச் சொந்தக் கணக்கில் போட்டு அங்கிருந்து அனுப்புவது, வங்கி சரக்குக்காகக் கொடுத்த பணத்தை வேறு வழியில் திருப்பியதாகவே ஆகும். சரக்கு இருப்புப் பட்டியலை மாதந்தோறும் வங்கிக்குக் கொடுக்கிற நமக்கு அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரியும். சொந்தச் சேமிப்பில், பருவக் கொள்முதலுக்கும் வீட்டுச் செலவுக்கும் போக மிஞ்சியதில் எவ்வளவு போடுவது என்பதை அவரவர் தீர்மானித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மற்றொரு செய்தியையும் பலர் அறியார். அமெரிக்கக் குடிமகன் அல்லாத ஒருவர் அந்நாட்டுக் கம்பெனிகளின் பங்குகளை வைத்திருந்து காலமானால், அங்குள்ள சொத்து 60,000 டாலருக்கு மேற்பட்டால் அமெரிக்க அரசின் மரணச் சொத்து வரி உண்டு. கைப்பேசியில் இருக்கும் பங்கைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். கணக்கு எண்ணும் நியமனதாரர் விவரமும் வீட்டுப் பத்திரங்களோடு ஒரு தாளில் எழுதி வைக்கப்பட வேண்டும்.